மணப்பாட்டில் ஒரு நண்பகல்

மணப்பாடு என்ற பெயரைச் சொன்னதுமே கரங்குவிக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கே 18 கிலோமீட்டர் தொலைவில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கழிமுகமும் அணைத்து நிற்க, கடலுக்குள் நீண்டு உயர்ந்திருக்கும் அந்த மணற்குன்றை நோக்கிப் பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஊர் ஊராகப் பேருந்துகள் புறப்படுகின்றன. பிள்ளைகளுக்கு விடுமுறை, பெரியவர்களுக்கு நேர்ச்சை, பங்குக் குருவுக்கோ மக்களோடு மகிழ்ந்திருக்க ஒரு நாள். ஆனால் நமது விடுமுறைக் காலமே கத்திரி வெயிலின் காலமும் ஆகும் என்பதை அநேகமாய் நாம் மறந்துவிடுகிறோம். அப்படி மறந்தவர்களுள் நானும் ஒருவன். அதை வெளிப்படையாய்ச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் எங்கள் பங்கிலிருந்து ஐம்பது பேர் திருயாத்திரை சென்றோம். பயணத் திட்டம் முழுவதும் நானே வகுத்தது. விடியற்காலையில் தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் திருப்பலி, பின்னர் 1586-ஆம் ஆண்டில் அண்டிரிக் அடிகளாரின் தமிழ் நூல் அச்சேறிய புன்னைக்காயல், அடுத்து மணப்பாடு, மாலையில் உவரி அந்தோனியார் திருத்தலம். ஒரே நாளில் நான்கு திருத்தலங்கள்! குறைந்த செலவில் நிறைந்த புண்ணியம் என்று பெருமைப்பட்டுக் கொண்டேன். எந்த இடத்தை எந்த நேரத்தில் அடைவோம் என்பதை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பேருந்தில் எழுபது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர் வந்தார். பேரப் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாய் முடிந்ததற்காக, சவேரியார் குகையில் முத்தமிடும் வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் வருவதாக அவர் பொருத்தனை செய்திருந்தார். செய்தி என் காதுக்கு வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, “பாருங்கள், இதுவல்லவோ விசுவாசம்!” என்று புகழ்ந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஆச்சி வெட்கத்தோடு தலை குனிந்துகொண்டார். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அவர் தண்ணீர் கேட்பதற்கு வழியேது?

குலசேகரன்பட்டினத்தைக் கடந்து மணப்பாட்டை அடைந்தபோது மணி பன்னிரண்டு. குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் வெண்மையாய் ஒளிர்ந்தது. 1540-ஆம் ஆண்டு வாக்கில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், உயிர் தப்பினால் முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி நாட்டுவதாக நேர்ந்துகொண்டு, இக்குன்றில் நாட்டினார் என்பது மரபு. அந்தச் சிலுவையைச் சூழ்ந்து 1581-இல் எழுந்ததே இவ்வாலயம். ஆண்டவர் தொங்கிய திருச்சிலுவையின் சிறு துண்டு இங்கே போற்றிக் காக்கப்படுகிறது. செப்டம்பர் 14-ஆம் நாள் நடைபெறும் மகிமைத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தை நேரில் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆலயத்திற்குக் கீழே, கடலைப் பார்த்த சரிவில், புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை இருக்கிறது. அலையோசையைத் தவிர வேறோசை கேளாத இடம் அது.

ஆனால் அந்த நண்பகலில் அழகை அனுபவிக்க யாரால் முடிந்தது? மணல் அடுப்பிலிட்ட சட்டிபோல் கொதித்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்த பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஓடினார்கள். கடற்காற்று வீசியது உண்மையே. அதுவும் உடலில் பிசுபிசுத்ததேயன்றிக் குளிர்ச்சி தரவில்லை. ஆலயத்தில் செபித்துவிட்டுக் குகையை நோக்கி இறங்கும்போது, ஆச்சி இறந்துபோன தம் கணவரோடு பேசத் தொடங்கினார். முதலில் செபிக்கிறார் என்றே நினைத்தோம். அருகில் சென்று கையைத் தொட்ட மருமகள் திடுக்கிட்டாள். உடல் நெருப்பாய்ச் சுட்டது. வியர்வை சிறிதும் இல்லை. மறு நொடியில் மணலில் சாய்ந்துவிட்டார்.

நான் கையிலிருந்த தண்ணீரை அவர் வாயில் ஊற்றப் போனேன். எங்களோடு வந்திருந்த செவிலியர் கல்லூரி மாணவி ஒருத்தி என் கையைத் தடுத்து, “வேண்டாம் சாமி! நினைவில்லாதவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்” என்றாள். அதற்குள் ஊர்ப் பெண்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஆச்சியைத் தூக்கிச் சென்று நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, குடம் குடமாய்த் தண்ணீர் கொண்டுவந்து தலை, கழுத்து, அக்குள் எங்கும் ஈரத்துணி போட்டு, பனையோலை விசிறியால் நான்கு பேர் மாறி மாறி வீசினார்கள். யார் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. 108 வண்டி வந்தது. மருத்துவமனையில் மூன்று நாள் இருந்து, இறைவன் அருளால் ஆச்சி பிழைத்தெழுந்தார்.

வண்டி புறப்பட்ட பிறகு, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: “சாமி, இந்த ஊரிலே பிறந்து வளர்ந்த நாங்களே இந்த நேரத்தில் மணலில் கால் வைக்க மாட்டோம்.” அவர் குறை சொல்லவில்லை, வருந்தித்தான் சொன்னார். ஆயினும் அச்சொல் என் நெஞ்சில் தைத்தது.

உண்மையில் இந்தக் கடற்கரையின் வாழ்க்கை முறையே வெயிலின் கடிகாரத்தை அறிந்து அமைந்தது. முத்துக்குளித்தல் நடைபெற்ற காலத்தில், தோணிகள் நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றைப் பிடித்துப் புறப்படும். விடியும் வேளையில் முத்துப் பார்களை அடையும். நண்பகலோடு மூழ்குவதை நிறுத்திவிட்டு, கடற்காற்று எழுந்ததும் பாய் விரித்துக் கரை திரும்பும். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால் அந்த ஞானம் நிற்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகக் கடலுக்குச் செல்பவர்களே மதித்து நடக்கும் வெயிலை, பக்திக்காகச் செல்லும் நாம் மதிக்காமலிருப்பது வீரமுமன்று, விசுவாசமுமன்று.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரவில் என்னை அதிகமாய் வாட்டியது வேறொன்று. ஆச்சியின் பொருத்தனையை மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் என் கையிலேயே இருந்தது. தக்க காரணம் இருந்தால், தம் பங்குமக்களைத் தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து விடுவிக்கப் பங்குக் குருவுக்குத் திருச்சபைச் சட்டம் 1196 இடமளிக்கிறது. செய்தவரே அதற்கு இணையான, அல்லது அதிலும் மேலான நற்செயலாக அதை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது அடுத்த சட்டம். நற்கருணைக்கு முன் காக்கும் ஒரு மணி நேர நோன்பைக்கூடத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை என்று சட்டம் 919 தெளிவாய்க் கூறுகிறது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. தாயாகிய திருச்சபை ஆண்டவரின் திருவுடலை உட்கொள்ளும் வேளையிலேயே தண்ணீரைத் தடுக்கவில்லை. அப்படியிருக்க, எழுபது வயது மூதாட்டி நாவறண்டு நடப்பதைக் கண்டு கைதட்ட வைத்தவன் நான். குருமடத்தில் கற்ற சட்டம் மணப்பாட்டு மணலில்தான் எனக்குப் புரிந்தது.

அப்போதுதான் சவேரியாரின் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அது 1544-ஆம் ஆண்டு, ஜூன் மாதம். வடுகப் படைகள் கன்னியாகுமரிப் பகுதியில் புகுந்து கொள்ளையிட்டன. அங்கிருந்த கிறிஸ்தவ மக்கள் உயிருக்கு அஞ்சிக் கடலினுள் இருக்கும் பாறைகளில் ஏறித் தஞ்சம் புகுந்தார்கள். மேலே வெயில், சுற்றிலும் உப்பு நீர், உண்ண உணவில்லை, குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. பசியாலும் தாகத்தாலும் பலர் மாண்டார்கள். செய்தி அறிந்த சவேரியார் 20 தோணிகளில் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு அவர்களை நோக்கிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்பு வலித்தும் பயனில்லாமல் மணப்பாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. ஜூன் 30-ஆம் நாள் இவ்வூரிலிருந்து தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில் இதை அவர் விவரித்து, காற்று தணிந்ததும் மீண்டும் செல்வதாய்க் குறிப்பிட்டிருக்கிறார். பின்னர் தரை வழியாகவே நடந்து சென்று அம்மக்களைச் சந்தித்து, திக்கற்றவர்களை மணப்பாட்டுக்கு அனுப்பிப் பேணச் செய்தார்.

அன்பர்களே, இதைச் சிந்தித்துப் பாருங்கள். அந்தக் குகையில் சவேரியார் தம்மை ஒறுத்துக்கொண்டது மெய்யே. ஆனால் பிறருடைய தாகத்தை அவர் ஒருபோதும் தவமாகக் கருதவில்லை. அதைத் தீர்க்கவே 20 தோணிகளோடு கடலேறினார். நண்பகலில் களைத்துப்போய் யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்து, சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்க நம் ஆண்டவரே கூசவில்லை. சிலுவையிலும் அவர் தம் தாகத்தை மறைக்கவில்லை. அவருடைய சிலுவையை முத்தமிடச் செல்லும் நாம் தாகத்தைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்?

வெயில் பக்தனென்றும் பகைவனென்றும் பார்ப்பதில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மெக்காவில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியபோது, ஹஜ் யாத்திரை சென்ற இசுலாமியச் சகோதரர்களுள் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சவுதி அரசு அறிவித்தது. ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் குன்றை 2023 ஜூலையில் நண்பகல் நேரங்களில் மூடிவிட்டார்கள். நம் தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் உதவித் தொகைக்கு வழி செய்திருக்கிறது. கடலோரத்தில் வெப்பம் குறைவு என்று எண்ணுவதும் தவறு. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராது. இதனால்தான் சமவெளியில் 40 டிகிரியை வெப்ப அலைக்கு எல்லையாகக் கொள்ளும் வானிலைத் துறை, கடலோரத்திற்கு 37 டிகிரியையே எல்லையாகக் கொள்கிறது. முதியோருக்குத் தாக உணர்ச்சியே குறைந்துவிடும். இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் சில மாத்திரைகள் உடல் நீரை மேலும் வெளியேற்றும்.

எனவே, யாத்திரைக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு நான் பட்டறிந்த சிலவற்றைச் சொல்லுகிறேன். கூடுமானால் மே மாதத்தைத் தவிர்த்து, மார்கழி, தை மாதங்களில் செல்லுங்கள். விடுமுறையில்தான் முடியும் என்றால், முந்தின இரவே சென்று தங்கி, விடியலில் குன்றேறுங்கள். பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு திருத்தலம் போதும். குடையும் செருப்பும் பக்திக்குக் குறைவல்ல; ஆலய வாசலில் செருப்பைக் கழற்றினால் போதுமானது. தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் அருந்துங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் தலைதட்டிக் கலந்து வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே இருக்கும் உடன்குடியின் கருப்பட்டி பெயர் பெற்றது. எலுமிச்சையும் சுக்கும் சேர்த்த பானகத்திற்கு அதைவிடச் சிறந்தது எது? நுங்கும் பதநீரும் இறைவன் இந்த வறண்ட மண்ணுக்கென்றே தந்த கொடைகள். யாராவது குழறிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடல் அனலாய்ச் சுட்டாலோ, நிழலில் கிடத்தி ஈரத்தால் குளிர்வித்து உடனே 108-ஐ அழையுங்கள். செபத்தையும் சொல்லுங்கள், விசிறியையும் நிறுத்தாதீர்கள்.

ஆச்சி வீடு திரும்பிய பின் அவரைக் காணச் சென்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்த என்னை முந்திக்கொண்டு, “சாமி, குகையை முத்தி செய்யாமல் வந்துவிட்டேனே, என் பொருத்தனை குறையாகிவிட்டதே” என்று அவர் கண் கலங்கினார். அதை மாற்றிக்கொள்ளலாம் என்று விளக்கினேன். “அப்படியானால் வேறு என்ன செய்யட்டும்?” என்றார். “நீங்களே சொல்லுங்கள் ஆச்சி” என்றேன். சற்று நேரம் யோசித்தவர், “எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்களே அந்தப் பெண்கள்... அதுபோல நானும் யாருக்காவது கொடுக்கிறேன்” என்றார்.

இந்த ஆண்டு தை மாதத்தில், விடிவெள்ளி மறையுமுன் மணப்பாட்டுக் குன்றில் இருந்தோம். மணல் பாதத்திற்குக் குளிர்ந்திருந்தது. கீழ்வானம் சிவக்க, வள்ளங்கள் ஒவ்வொன்றாய்க் கரை நோக்கி வருவதைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி, மருமகளின் கையைப் பற்றி மெல்ல இறங்கிக் குகையை முத்தி செய்தார். பின்னர் மேலே வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த குடத்தைத் திறந்து, வருவோர் போவோருக்கெல்லாம் பானகம் வார்க்கத் தொடங்கினார். வலை பின்னும் அந்தப் பெரியவரும் ஒரு குவளை வாங்கிக் குடித்தார். கடைசிக் குவளை எனக்குக் கிடைத்தது. அதைப் பருகியபோது, இந்த நேர்ச்சையைச் சவேரியார் மகிழ்ந்து ஏற்றிருப்பார் என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை.