மிஸ்வாக் குச்சியில் இரத்தக்கறை

மிஸ்வாக் குச்சியில் இரத்தக்கறை கண்டால் என்ன நினைப்பீர்கள்? குச்சி கரடுமுரடாய் இருக்கிறது என்றே நான் மாதக்கணக்கில் நினைத்திருந்தேன். வலி அறவே இல்லை. மேற்குத் தாம்பரத்தில் நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில், ஒரு நாள் ‘ஸா, ஃதால், ளா’ ஆகியவற்றின் மக்ரஜைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, நுனிநா பட்டு மேல் முன்பல் அசைந்தது. அம்மூன்று எழுத்துகளும் நுனிநா மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டே பிறப்பவை. பல் போனால் ஓதிக்கொடுப்பவன் கதி என்ன?

வண்டலூர், பள்ளிக்கரணை என நம் புறநகரைச் சுற்றிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஒன்றிற்குச் சென்றேன். மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விட்டு அளந்தார் மருத்துவச் சகோதரி. 3 வரை இயல்பாம்; எனக்கு 6! எக்ஸ்ரேயில் எலும்பும் கரைந்திருந்தது.

“இந்தக் கம்பி இதுவரை இழந்ததைத்தான் சொல்லும், அழிவு இன்றும் நடக்கிறதா என்பதை ஈறு இடுக்கில் ஊறும் நீர் சொல்லும்” என்றார் அவர். கலைப் பட்டதாரியான எனக்கு இது புதுமையாக இருந்தது. கிருமிகளோடு போரிட வரும் வெள்ளணுக்கள் எம்.எம்.பி-8 என்னும் நொதியை வெளியிடுகின்றன. அது பல்லைப் பிணைத்திருக்கும் கொலாஜன் நார்களையே அறுத்துவிடுகிறது! இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் பொருளோ எலும்பைக் கரையத் தூண்டுகிறது. காவலுக்கு வந்தவனே வீட்டை இடிக்கும் கதைதான். சிறு காகிதப் பட்டையை இடுக்கில் வைத்து அந்நீரை எடுத்து, இவற்றை அளக்கலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வுகளின் வழியே, வாய் கொப்பளித்த நீரைக் கொண்டே சில நிமிடங்களில் எம்.எம்.பி-8 மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டுகிறதா என்று காட்டும் சோதனையும் வந்துள்ளது. ஆயினும் எந்தப் பல்லில் கோளாறு என்று கொப்பளித்த நீர் சொல்லாது. கம்பிக்கு அது துணையே தவிர மாற்றன்று.

எனக்கு அச்சோதனை செய்யப்படவில்லை. மாறாக, இரத்தச் சர்க்கரை பார்க்கச் சொன்னார்கள். பல்லுக்கு வந்தவனிடம் சர்க்கரையைக் கேட்கிறார்களே என்று முணுமுணுத்தேன். நீரிழிவும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவையாம். 2018-இல் வெளியான உலக வகைப்பாட்டில், எச்பிஏ1சி 7 சதவீதத்தை எட்டினால் நோய் விரைந்து பரவும் தரத்தில் வைக்கிறார்கள். என்னுடையது 8.1. ஈற்றைக் காட்டப் போயிராவிட்டால் அதை அறிந்தே இருக்க மாட்டேன். (புகைப்போருக்கு ஈற்றில் இரத்தம் கசிவதே குறைவாம், கறை இல்லை என்று அவர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம்.)

ஈற்றினடியில் படிந்த காரையை நான்கு தவணைகளில் சுரண்டி எடுத்தார்கள். இப்போது குச்சியில் கறையில்லை. பல் இன்னும் இலேசாக அசைகிறது. ‘ளா’ சரியாகவே வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். மூன்று மாதம் கழித்து மீண்டும் கம்பி விட்டு அளப்பார்களாம்.