பேர் சொல்லிக் கேளுங்க

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டுப் பிரிண்ட் அவுட் கடைகளில், புராஜெக்ட் கொடுக்கும் மாதங்களில் நிற்க இடமிருக்காது. பிள்ளைகள் பென் டிரைவை நீட்டி, "ஏனுங்கண்ணா, நல்லா எடுத்துக் குடுங்க" என்பார்கள். எது நல்லா என்று கடைக்காரர் எப்படி அறிவார்? ஒரு தொழிலின் நாலு வார்த்தை தெரிந்து போகிறவருக்குத்தான் வேண்டியது கிடைக்கும். அதனால் சொல்கிறேன், கண்ணுகளா.

முதலில் காகிதம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் ஜிஎஸ்எம். ஏ4 தாள்கள் 16 சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. இரண்டு பக்கமும் அடிப்பதென்றால் மெல்லிய தாள் வேண்டாம். பின்பக்க எழுத்து முன்னால் தெரியும்.

டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் விழும் புள்ளிகளின் கணக்கு. 600 பிக்சல் அகலமுள்ள வாட்ஸ்அப் படத்தை 300 டிபிஐ-யில் அடித்தால் இரண்டு அங்குலம்தான் தெளிவாக வரும். அதைப் பக்கம் முழுக்க இழுத்துவிட்டு மெஷினைக் குறை சொல்லக் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது எழுத்து எதனால் பதிகிறது என்பதைப் பற்றித்தான். இங்க்ஜெட் திரவ மையைத் தெளிக்கிறது. பல மைகள் தண்ணீர் பட்டால் கசியும். லேசர் பிரிண்டரில் இருப்பது மையே அல்ல. டோனர் என்பது நிறமேற்றிய பிளாஸ்டிக் தூள். ஒளி பட்ட டிரம்மில் அது ஒட்டி, தாளுக்கு மாறி, சூடான ஃபியூசர் உருளையில் உருகிப் பதிகிறது. மதிப்பெண் பட்டியல், பத்திரம் இவற்றின் நகலை லேசரில் எடுங்கள்.

கடை பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டருக்கு மையும் கிடையாது, டோனரும் கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு அந்தத் தாளிலேயே இருக்கிறது. வெயிலிலும் வெப்பத்திலும் எழுத்து மங்கிவிடும். மிக்ஸி பில்லைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்து, வாரண்டி கேட்கும் நாளில் வெறும் தாளை நீட்டி நிற்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

லாரி ஆபீஸ்களில் டாட் மேட்ரிக்ஸ் சத்தம் இன்னும் கேட்பதற்கும் காரணம் உண்டு. அதன் ஊசிகள் ரிப்பனை அடிக்கிற அடியில் கீழேயுள்ள கார்பன் பிரதிகளும் ஒரே தடவையில் விழுந்துவிடும்.

தமிழில் எழுதியிருந்தால், எழுத்துருவை உள்ளே சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்கள். கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்துகள் உடைந்து கட்டங்களாக நிற்கும். முதல் பக்கத்தை மட்டும் அடிக்கச் சொல்லி, நின்று படித்துப் பார்த்துவிட்டு மீதியை எடுங்கள்.