ஊரும் ஒட்டகமும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஊர்களை எண்ணிக்கொண்டே பேருந்தில் போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இவ்வளவு குறைந்த தொலைவை ஷரீஅத் ஒரு பிரயாணமாகவே கணக்கில் எடுப்பதில்லை. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழும் 'கஸ்ர்' சலுகை கிடைக்க வேண்டுமானால், இதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தொலைவேனும் போகும் எண்ணத்தோடு புறப்பட்டிருக்க வேண்டும்.

இதே 40 கிலோமீட்டரை ஒருவர் சைக்கிளில் கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்பே அவர் 1.5 கிலோமீட்டர் நீந்திக் கரையேறியிருக்கிறார். உடலில் ஈரம் காயவில்லை. விழுப்புரத்தில் சைக்கிளை விட்டு இறங்கியதும் உட்காரக்கூட நேரமில்லை. வந்த வழியே திரும்பி, முண்டியம்பாக்கத்தை நோக்கி 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் கோத்த இந்தப் பந்தயத்துக்கு 'டிரையத்லான்' என்று பெயர். 2000ஆம் ஆண்டு சிட்னி நகரில் இது ஒலிம்பிக் விளையாட்டுகளில் ஒன்றாயிற்று. முதல்தர வீரர்கள் மூன்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்.

இதையே தொழிலாகக் கொண்டவர்கள் நாடு விட்டு நாடு போய்க்கொண்டே இருப்பவர்கள். ஒவ்வொரு நாட்டுப் பந்தயத்திலும் புள்ளிகள் சேரும். ஆண்டின் கடைசிப் பந்தயத்தில்தான் உலகப் பட்டம் யாருக்கு என்பது தெரியவரும். அதற்குள் உடல் பல மாத உழைப்பில் தேய்ந்திருக்கும். ஊர் தொலைவில் இருக்கும். வெயிலும் காற்றும் பழகாதவையாக இருக்கும். 'இன்னும் ஒன்றே ஒன்று' என்ற எண்ணம் மட்டும் உள்ளே நின்று துரத்திக்கொண்டிருக்கும்.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், மெக்சிகோ நாட்டின் கோசுமெல் தீவில் அப்படியொரு கடைசிப் பந்தயம் நடந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜொனாதன் பிரவுன்லி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். சரியாக ஒரு மாதம் முன்புதான் ரியோ ஒலிம்பிக்கில் அவருடைய அண்ணன் அலிஸ்டர் தங்கமும் அவர் வெள்ளியும் வென்றிருந்தார்கள். இந்தப் பந்தயத்தில் அவர் முதலில் வந்து, ஸ்பெயின் வீரர் மாரியோ மோலா பின்தங்கினால், உலகப் பட்டம் அவருக்கு. மோலாவும் பின்தங்கியே ஓடினார். எல்லை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தது.

அந்த இடத்தில் வெயில் அவரை வீழ்த்தியது. கால்கள் பின்னின, பாதையின் ஓரத்துக்குத் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன், தாம் வெல்லக்கூடிய பந்தயத்தைக் கைவிட்டு, தம்பியின் கையைத் தம் தோளில் போட்டுத் தாங்கி நடத்திக்கொண்டு வந்தார். தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஸ்கூமன் அவர்களைக் கடந்து சென்று வென்றார். அண்ணன் தம்பியை முதலில் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டுத் தாம் மூன்றாவதாக வந்தார். மோலா ஐந்தாவதாக வந்தும், வெறும் 4 புள்ளிகள் வித்தியாசத்தில் பட்டம் அவருக்கே போயிற்று. ஜொனாதன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பின்னர் நலமடைந்தார்.

அண்ணனின் அன்பை உலகமே புகழ்ந்தது. அவர் பிறகு சொன்ன கருத்தை அந்த அளவுக்கு எவரும் பேசவில்லை. தம்பி வேகத்தை அளந்து ஓடியிருந்தால், கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவோட்டமாக ஓடியே வென்றிருக்கலாம் என்று அவர் சற்றுக் கடிந்துகொண்டார். தாங்கிப் பிடித்த கைக்குத்தான் இப்படிக் கடிந்துகொள்ளும் உரிமையும் உண்டு.

அரபி மொழியில் 'முன்பத்' என்று ஒரு சொல் உண்டு. 'அறுந்து போனவன்' என்பது அதன் பொருள். ஒட்டகத்தை அளவு மீறி விரட்டி, அது நடுவழியில் விழுந்துவிட, கூட்டத்திலிருந்து அறுந்து தனியே நிற்பவனை அரபிகள் அவ்வாறு அழைத்தார்கள். அவன் ஊரும் போய்ச் சேரவில்லை. ஒட்டகமும் அவனுக்கு மிஞ்சவில்லை. பாலைவனத்தில் பயணம் செய்தே வாழ்ந்த ஒரு சமூகம் இந்த நிலைக்குத் தனியாக ஒரு சொல்லை ஆக்கி வைத்திருக்கிறது என்றால், எத்தனை பேர் அப்படி நின்றிருக்க வேண்டும்!

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு நம் நாட்டிலேயே இருக்கிறது. கல்கத்தாவில் 1940இல் பிறந்த ஆரத்தி சாஹா, 1952ஆம் ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நீந்தியபோது 12 வயது நிறையாத சிறுமி. 1959இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கவென்று இங்கிலாந்து சென்றார். அந்தப் பயணச் செலவுக்குப் பணம் திரட்டுவதே பெரும்பாடாக இருந்தது. ஆகஸ்ட் 27 அன்று பிரெஞ்சுக் கரையிலிருந்து புறப்பட்டார். வழிகாட்டும் படகு 40 நிமிடம் தாமதமாக வந்தது. ஆங்கிலக் கரைக்குச் சில மைல்களே இருந்த நிலையில் எதிர்நீரோட்டம் பிடித்துக்கொண்டது. மணிக்கணக்கில் போராடியும் கரை நெருங்கவில்லை. படகிலிருந்தவர் வற்புறுத்தவே, நீரை விட்டு ஏறினார்.

நாட்டின் எதிர்பார்ப்பையும் பிறர் கொடுத்த பணத்தையும் சுமந்து சென்ற 18 வயதுப் பெண்ணுக்கு அந்தப் படகில் ஏறுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! ஆனால் அவர் ஏறினார். 33 நாட்களுக்குப் பிறகு, கால்வாயில் நீந்தும் பருவம் முடியப்போகும் வேளையில், செப்டம்பர் 29 அன்று மீண்டும் நீரில் இறங்கினார். 16 மணி 20 நிமிடம் நீந்தி மறுகரையைத் தொட்டார். ஆசியப் பெண்களில் அக்கால்வாயைக் கடந்த முதல்வர் அவரே. 1960இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

கால்வாய் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவதில்லை. 1971இல் பாக் நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த ஈழத்து வீரர் ஆனந்தன், 1984 ஆகஸ்ட் 6 அன்று அதே ஆங்கிலக் கால்வாயில் உயிர் நீத்தார். அவருடைய துணிவுக்குக் குறை சொல்ல எவருக்கும் தகுதியில்லை. கடல் எவ்வளவு பெரியது என்பதற்கு அது சான்று.

நம் ஃபிக்ஹு நூல்களில் 'அஸீமத்', 'ருக்ஸத்' என்று இரண்டு சொற்கள் வரும். முழுக் கட்டளையை அப்படியே நிறைவேற்றுவது அஸீமத். சிரமத்தின்போது தரப்படும் சலுகை ருக்ஸத். பலர் ருக்ஸத்தைப் பலவீனர்களுக்குப் போட்ட பிச்சைபோல் எண்ணுகிறார்கள். நூல்கள் அப்படிச் சொல்லவில்லை. பிரயாணத்தில் கஸ்ராகத் தொழுவதை ஹனஃபி மத்ஹபு விருப்பத்துக்கே விடாமல் வாஜிபாக்கியிருக்கிறது. நோன்பினால் உயிருக்கே ஆபத்து என்றால், அதை விடுவது அப்போது கடமையாகிவிடுகிறது. விட்ட நோன்பைப் பின்னர் களா செய்துகொள்ளலாம். போன உயிருக்குக் களா கிடையாது. ஆரத்தி சாஹா இந்த நூல்களை ஓதியவர் அல்லர். ஆயினும் ஆகஸ்டில் விட்டதைச் செப்டம்பரில் அவர் களா செய்துவிட்டார் என்று சொன்னால் தவறாகாது.

இது சோம்பேறிகளுக்குச் சாதகமான சட்டமா? ஒருபோதும் இல்லை. கஸ்ர் தொழுகை பிரயாணிக்கு உரியது. வீட்டுத் திண்ணையில் இருப்பவன் நான்கு ரக்அத்தும் தொழுதாக வேண்டும். புறப்பட்டுப் போனவனுக்குத்தான் சலுகை. ஆகவே நம் பிள்ளைகள் முதலில் புறப்பட வேண்டும். ஓட வேண்டும், நீந்த வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும், ஒருமுறை அன்னையார் முந்தியதையும், பின்னொருமுறை நாயகம் அவர்கள் முந்தியதையும் ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. முந்துவதிலும் பிந்துவதிலும் மகிழ்ச்சி இருந்தது. யாரும் சாய்ந்து விழவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. தன் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீந்துகிறவரைவிடப் படகில் இருப்பவர் நன்றாகப் பார்க்கிறார். கோசுமெல் நிகழ்ச்சிக்குப் பிறகு, ஒரு வீரர் இன்னொரு வீரரைத் தாங்கி முன்னேறச் செய்யக்கூடாது என்று டிரையத்லானில் விதியே வந்துவிட்டது. பந்தயத்துக்கு அது நியாயமாக இருக்கலாம். குடும்பத்துக்கு அப்படியொரு விதி இல்லை.

கடல் கடந்து பொருள் தேடப் போவதை நம் வீடுகளில் 'சபர்' என்றும், போனவரைச் 'சபராளி' என்றும் சொல்லி வருகிறோம். வளைகுடாவின் வெயிலில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, முதுகும் சிறுநீரகமும் தேய்ந்த பின்னும், "இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்று தொலைபேசியில் சொல்லும் சபராளி எத்தனை வீடுகளில் இருக்கிறார்! மகளின் நிக்காஹ், வீட்டின் மாடி, தம்பியின் படிப்பு என்று ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓர் எல்லைக்கோடு கண்முன் நிற்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருப்பதுதான் ஆபத்து. ஜொனாதனுக்கும் அது தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்போது இங்கே தொலைபேசியைப் பிடித்திருப்பவர்தான் படகில் இருப்பவர். மாடி இன்னும் இரண்டு வருஷம் கழித்து எழும்பட்டும், நீங்கள் வந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனைவியோ தாயோ ஒரு சொல் சொன்னால், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள மாட்டார் நம் சபராளி. அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் காத்துக்கொண்டிருக்கவும் கூடும்.