எவ்விடம்?

நாற்பது வயதுக்குமேல் அந்நிய நாட்டிலே புதிய நண்பர்களைத் தேடிக்கொள்வது எளிதன்று. 2012ஆம் ஆண்டு ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலே குடியேறியபோது இதனை அறிந்தேன். 1983இன் பின்னர் பெருந்தொகையாக வந்த நம்மவர் அங்கே கோயில்களையும், கடைகளையும், ஊர்ச் சங்கங்களையும் நிறுவியிருந்தனர். தமிழ் கேளாத நாளில்லை. ஆயினும் நட்புக் கிட்டவில்லை.

காரணம் ஒரு கேள்வி. அறிமுகமாகிறவர், "யாழ்ப்பாணத்தில் எவ்விடம்?" என்பார். ஊரைச் சொன்னால், "அங்கே எந்தப் பக்கம்?" என்பார். அவர் அறிய விரும்புவது என் ஊரையன்று, சாதியை. விடை உவப்பாயின் தேநீருக்கு அழைப்பு வரும். என்னோடு பேச்சு அத்துடன் முடிந்தது.

நான் இரவு வேலை செய்த பாண் தொழிற்சாலையில் அருகே நின்றவர் பிலிப்பைன்ஸ்காரர். முதலிரவு அவர் கேட்டது, "சாப்பிட்டாயா?" என்பது மட்டுமே. தமது சோற்றில் பாதியை என் முன்னே வைத்தார். எனது முதல் நண்பர் அவரே. கூடி உழைப்போரிடையே நட்பு வளர்வதற்குக் குலமுறை எதற்கு?

இவ்வாறெல்லாம் எண்ணியிருந்தவன்தான் நான். அடுத்த மாரியிலே யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் வேலைக்கு வந்தான். அவன் ஊரைச் சொன்னதும், "எந்தப் பக்கம்?" என்று என் வாயே கேட்டுவிட்டது. அவன் தலைகுனிந்தான். அக்கேள்வியால் வடுப்பட்ட நானே அதனைக் கடல்கடந்து சுமந்து வந்திருந்தேன்!

மறுநாள் மன்னிப்புக் கேட்டு, சோற்றுப் பெட்டியை அவன்பக்கம் நகர்த்தினேன். அவன் கைநீட்டவில்லை. அவனைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. அதற்கடுத்த நாளும் இருவருக்கான சோற்றுடனேயே வேலைக்குப் போனேன்.