திரையில் நகரும் சமன்பாடு

தொலைக்காட்சியில் கல்லூரி இயற்பியல் கற்பிப்பது அமெரிக்காவில் விடியற்காலை வேலையாகத் தொடங்கியது. ஸ்புட்னிக் ஏவப்பட்ட மறு ஆண்டு, 1958 அக்டோபரில், என்பிசி நிறுவனம் 'கான்டினென்டல் கிளாஸ்ரூம்' தொடரை ஒளிபரப்பியது. பெர்க்லி பேராசிரியர் ஹார்வி ஒயிட் வார நாள்களில் காலை 6.30 மணிக்கு அணுயுக இயற்பியலை நடத்தினார். முதன்மையாக அது உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பாடம். இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதைத் தங்கள் படிப்பில் கணக்கிட்டுக்கொண்டன. கடைசி வரிசை மாணவருக்குத் தெரியாத மீட்டர் முள்ளைக் கேமரா எல்லோருக்கும் அருகில் காட்டியது.

சமன்பாடுகளைத் தருவிப்பதுதான் சிக்கலாகவே இருந்தது. கரும்பலகையை ஆசிரியரின் முதுகு மறைக்கும். மாணவர் குனிந்து எழுதி நிமிர்வதற்குள் ஒரு வரி கடந்துவிடும். அச்சிட்ட நூலிலும் அடுத்தடுத்த இரண்டு வரிகள் நிற்குமே தவிர, ஒன்று மற்றொன்றானது எப்படி என்பது தெரியாது. குறி மாறுவதும் வர்க்கம் விடுபடுவதும் அந்த இடைவெளியில்தான்.

1980களின் நடுவில் வந்த 'தி மெக்கானிக்கல் யுனிவர்ஸ்' அந்த இடைவெளியையே படமாக்கியது. கால்டெக் பேராசிரியர் டேவிட் குட்ஸ்டைனின் முதலாண்டு விரிவுரைகளிலிருந்து உருவான தொடர் அது. அரைமணி நேரப் பகுதிகள் மொத்தம் 52. ஒவ்வொரு பகுதியும் அவருடைய வகுப்பில் தொடங்கி அங்கேயே முடியும். நடுவில் வரும் கணினி அசைபடங்கள் ஜிம் பிளின் உருவாக்கியவை. வாயேஜர் விண்கலம் வியாழனையும் சனியையும் கடப்பதை அதற்கு முன்பே அசைபடமாகக் காட்டியவர் அவர். இங்கே கோள்களோடு குறியீடுகளும் நகர்ந்தன. ஓர் உறுப்பு சமக்குறியைத் தாண்டிக் குறி மாறி அமரும்; தொகுதியிலும் பகுதியிலும் உள்ள ஒரே காரணிகள் சந்தித்து மறையும். நியூட்டனின் ஈர்ப்பு விதியிலிருந்து நீள்வட்டப் பாதை பிறப்பதைக் கண்ணால் பின்தொடர முடிந்தது. இயற்பியல் கற்பித்தலுக்குத் தொலைக்காட்சி தந்தவற்றில் இதுவே மிக உயர்ந்தது. முடிவு விதியிலிருந்துதான் வருகிறது என்ற உறுதியை, கணக்கில் தயங்கும் மாணவருக்கும் அது கொடுத்தது.

வேகம்தான் அதன் குறை. பலகையில் நெடுநேரம் பிடிக்கும் தருவித்தல் திரையில் விரைந்து முடியும். ஒளிபரப்பை நிறுத்தி மீண்டும் பார்க்க வழியில்லை. வீடியோ நாடா அந்தத் தடையை நீக்கியது. கணக்குப் போடும் பழக்கத்தை நாடாவாலும் தர இயலாது. அதற்கெனத் தொடரோடு பாடநூல்களும் வெளியாயின. பார்த்த தருவித்தலை மாணவர் தாளில் தாமே செய்து பார்க்க வேண்டியிருந்தது.