செவ்வாய் இரண்டு முதல் நான்கு வரை

அமெரிக்கா போன முதல் வாரமே மானம் போயிற்று. ஓஹியோவில் ஒரு பல்கலைக்கழகம். ஐந்து நிமிடம் தாமதமாகப் போனவன், வாசலில் நின்று "மே ஐ கம் இன், சார்?" என்றேன். பேராசிரியர் பேச்சை நிறுத்தினார். முப்பது தலைகளும் திரும்பின. அங்கே தாமதமாக வருகிறவன் சத்தமில்லாமல் பின்வரிசையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும், கேட்பதுதான் இடைஞ்சல். எங்கள் குளத்தூரில் கேட்காமல் நுழைந்தால் அந்த பீரியட் முழுக்க வராந்தாதான்.

அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்தது அப்படியில்லை.

முதல் நாளே ஒன்பது பக்கத்துக்கு 'சிலபஸ்' கொடுத்தார்கள். நமக்கு சிலபஸ் என்றால் பாடப் பட்டியல், யார் வாசிப்பார்கள்? அங்கே அதுதான் ஒப்பந்தம். எதற்கு எத்தனை மதிப்பெண், காப்பியடித்தால் என்ன ஆகும், எல்லாம் அதில் இருக்கும். வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கு 15 சதவீதம் என்று போட்டிருந்ததை ஆறாவது வாரம்தான் பார்த்தேன். 'ஆஃபீஸ் அவர்ஸ், செவ்வாய் 2 முதல் 4 வரை' என்றும் இருந்தது. சார் ஆபீஸ் வேலை பார்க்கிற நேரம், தொந்தரவு செய்யக்கூடாது என்று எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பக்கமே போகமாட்டேன். மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்கட்டும் என்றே அவர் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிற நேரம் அது!

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். "என் வகுப்பு பிடிக்கவில்லையா?" தரையைப் பார்த்துக்கொண்டே, எங்கள் ஊரில் ஆசிரியர் முன் பேசாமலிருப்பது மரியாதை என்றேன். அவரும் நம்பிவிட்டார்.

பொய்தான். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, பக்கத்து நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குளத்தூரில் இருந்த எங்கள் வீடும் அதோடு நின்றது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். (தமிழ் எழுத்தே எல்லை தாண்டிக் களியக்காவிளையில் வாங்கிய வாரப் பத்திரிகைகளில் படித்ததுதான்.) ஏழாம் வகுப்பில் எழுந்து பதில் சொல்லும்போது 'வெள்ளம்' வரவேண்டிய இடத்தில் 'தண்ணி' வந்துவிட்டது. பின்பெஞ்சிலிருந்து "பாண்டி" என்றான் ஒருவன், தமிழரைக் கேலி செய்ய அங்கே சொல்லும் சொல். வகுப்பே சிரித்தது, டீச்சரும். அன்றைக்கு மூடிய வாய்க்குத்தான் ஓஹியோவில் மரியாதை என்று பெயர் வைத்தேன்.

அம்மையிடம் போனில் சொன்னேன். "போய்க் கேளு மக்களே, அவரு உன்னப் பிடிச்சுத் தின்னவா போறாரு?"

அடுத்த செவ்வாய் இரண்டு மணிக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் சுவரில் சாய்ந்து வரிசையில் நின்றார்கள்.