ஒரு பல்லாவரம், ஒரு லேடீஸ்

திருமுடிவாக்கம் சிட்கோ பக்கத்து ஸ்டாப்பில் இரண்டு பேர் பிங்க் பஸ்ஸில் ஏறினார்கள். சேர்ந்து வெளியே போவது அதுதான் முதல் முறை. அவள் மதுரைப் பெண். "பதினோரு மணிக்கு போன் பண்ணுடி, ஒரு மாதிரி இருந்தா சாக்கு சொல்லிட்டுக் கிளம்பிடறேன்" என்று தோழியிடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். (தப்பே இல்லை!)

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் செம கூட்டம். கண்டக்டர் பின்வாசல் பக்கம் தன் சீட்டில். வெளியூர் பஸ் மாதிரி இடித்துக்கொண்டு வரமாட்டார். சென்னையில் காசுதான் அவரைத் தேடிப் போகவேண்டும். அவன் பர்ஸில் இருந்தது ஒரே ஒரு ஐந்நூறு. சாப்பாடு, சினிமா எல்லாம் அதற்குள்தான். அதை எடுத்துப் பின்னால் நின்றவரிடம், "ஒரு பல்லாவரம், ஒரு லேடீஸ்... பாஸ் பண்ணிடுங்கண்ணா" என்று நீட்டிவிட்டு, விட்ட பேச்சைத் தொடர்ந்தான்.

அவளுக்குப் பேச்சு காதில் விழவில்லை. கண் முழுக்க நோட்டு மேல். லேத் பட்டறைக்காரர் கையிலிருந்து பூக்கூடை அம்மாவுக்கு, அங்கிருந்து ஒரு வடநாட்டுப் பையனுக்கு. "பல்லாவரம், லேடீஸ்" என்று அவனும் மழலைத் தமிழில் சொல்லிக் கடத்தினான். அப்புறம் நோட்டைக் காணவில்லை. 2021 மே மாதம் வந்த இலவசத் திட்டத்தால் அவள் டிக்கெட்டுக்குக் காசே கிடையாது. பயம் மட்டும்தான் அவள் பங்கு.

"யாராவது அமுக்கிட்டா?"

"யாரு?" என்றான். கேள்வியே புரியவில்லை அவனுக்கு.

பி.காம். படிக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம் இது. வவுச்சர் இல்லை, கையெழுத்து இல்லை, எத்தனை கை மாறுகிறதோ அதுவும் தெரியாது. யுபிஐ டிக்கெட் மெஷினை 2024ல் எம்.டி.சி. முதலில் சோதித்துப் பார்த்ததே பல்லாவரம் டெப்போவில்தான். இருந்து என்ன, இந்த நெரிசலில் மெஷின் வரை போய் ஸ்கேன் பண்ண முடியுமா?

இரண்டு ஸ்டாப் தாண்டி, மூடிய கைகள் வழியாக எல்லாம் திரும்பி வந்தது. நாலு நூறு, பத்தும் இருபதுமாக மிச்சம், மேலே சுற்றிய இரண்டு டிக்கெட். "எண்ணிப் பாத்துக்கம்மா" என்றார் பூக்கூடை அம்மா. எண்ணினாள். ஒரு ரூபாய் குறையவில்லை. அவன் எண்ணவே இல்லை என்பதையும் கவனித்தாள்.

சரியாகப் பதினோரு மணிக்கு போன் அடித்தது. அப்போது அவளுடைய ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் முன்சீட்டுத் தாத்தா கொடுத்த பத்து ரூபாய்.

"ஒரு பம்மலாம்ணா" என்று பின்னால் நீட்டினாள். போன் அடித்து ஓய்ந்தது.